மழைக்காரி பார்த்தது

விழுந்துபோன விமானத்தின் கேப்டனுடைய மனைவி வருகிற நாட்களில் சூளைக்காரர் காலையிலேயே முகம் மழித்துக்கொள்வார். மற்ற நாட்களில் அவர் முகத்தில் இருப்பது தாடியா, செம்மண்ணா என்று கிட்டப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். அன்று மட்டும் பெட்டியிலிருந்து வெள்ளைச் சட்டை வெளியே வரும். வீட்டில் இருக்கிற ஒரே நாற்காலியைத் துடைத்து வாசலில் போடச் சொல்வார். அவர் மனைவி போடுவாள். 

ஏரியை ஒட்டி ஐந்தாறு செங்கல் சூளைகளும், அவற்றைத் தாண்டி ஒரு வரிசைத் தகரக் கூரை வீடுகளும் இருந்தன. கடைசிச் சூளை அவர்களுடையது. மண்ணை மிதித்து, அச்சில் அடித்து, பச்சைக்கல்லை வெயிலில் பரப்பி, காய்ந்ததை அடுக்கிச் சுடுகிற வேலை. சுடுகிற வரைக்கும் கல் என்பது பேருக்குத்தான். ஒரு மழை பெய்தால் மறுபடியும் சேறு. அதனால் சூளைக்காரர் மனைவிக்கு வானத்தை அண்ணாந்து பார்க்கிற பழக்கம் ஒட்டிக்கொண்டது. யாரோடாவது பேசிக்கொண்டிருப்பாள், கண் மேலே போய்விடும். மழைக்காரி என்று அவளுக்குப் பேர் வைத்துவிட்டார்கள். அவள் தார்ப்பாயைக் கையில் எடுத்தால் பக்கத்துச் சூளைகளிலும் எடுப்பார்கள். பாதி நாள் மழை வராது. அப்போது எல்லோரும் சேர்ந்து அவளைத் திட்டுவார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள்.

விமானம் விழுந்த அன்று மத்தியானத்திலிருந்தே மேகம் தாழ்ந்து கிடந்தது. பச்சைக்கல் களம் நிறையக் காய்ந்துகொண்டிருந்தது. சூளைக்காரர் மோட்டார் கொட்டகைக்குள் தண்ணீர் மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். தகரக் கொட்டகை, ஜன்னல் கிடையாது, வாசல் ரோட்டைப் பார்த்து. ஏரி அதற்கு நேர் பின்பக்கம். அவள் களத்தின் நடுவில் தனியாக நின்று தார்ப்பாயை இழுத்துக்கொண்டிருந்தாள். விமானம் ஏரியின் அக்கரையில் மோதி உடைந்து எரிந்தது. அதில் வந்தவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

முதலில் ஓடியவர்கள் சூளைக்காரர்கள்தான். படகு கொண்டுபோனார்கள், தார்ப்பாய் கொண்டுபோனார்கள். கல்லை மூடுவதற்கு வைத்திருந்த தார்ப்பாய் எல்லாம் அன்று வேறெதையோ மூடப் போய்விட்டது. பின்னால் பெய்த மழையில் களம் முழுக்கக் கரைந்தது. அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

சாயங்காலம் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். மழைக்காரி அப்போது கரையில், உடல்களுக்குப் பக்கத்தில் இருந்தாள். சேறும் கரியுமாக வந்த சூளைக்காரரை ஒரு பெண் நிறுத்தி, நெருப்பைப் பார்த்தீர்களா என்று கேட்டாள். பார்த்தேன் என்றார். விழுந்த பிறகு அக்கரையில் எரிந்த நெருப்பைத்தான் சொன்னார். வானத்தில் மேலேயே எரிந்துகொண்டு வந்ததா என்று அடுத்த கேள்வி. அவர் தலையாட்டினார். ஏன் ஆட்டினார் என்று அவருக்கே அப்போது தெரிந்திருக்காது. அந்த நேரத்தில் எதைக் கேட்டாலும் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பார். அந்தத் தலையாட்டல் அன்று இரவு எல்லா வீட்டுத் தொலைக்காட்சியிலும் வந்தது.

அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் விசாரணை நடந்து அரசாங்க அறிக்கை வந்தது. என்ஜின்கள் கடைசி வரை நன்றாக ஓடின, மேகத்துக்குள் கேப்டன் நிதானம் தவறி, எவ்வளவு தாழ இருக்கிறோம் என்று தெரியாமலே தரையில் கொண்டுபோய் மோதிவிட்டார் என்று அதில் எழுதியிருந்தது. ஜனங்கள் நம்பவில்லை. டீக்கடையில், பேருந்தில், முடிவெட்டுகிற கடையில் அதே பேச்சு. கம்பெனி ஓட்டை விமானத்தை ஓட்டியது, விமானத்தின் கறுப்புப் பெட்டியில் கடைசிப் பதிவு கெட்டுப்போனது என்பது கதை, செத்தவன் வந்து பேசமாட்டான் என்ற தைரியத்தில் அவன் தலையில் கட்டிவிட்டார்கள். இப்படிப் பேசிய ஒவ்வொருவரும் கடைசியில் ஒரே இடத்துக்கு வந்தார்கள். மேலேயே எரிந்ததைக் கண்ணால் பார்த்த ஆள் இருக்கிறாரே.

செத்துப்போனவர்களின் குடும்பங்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தன. பேருந்து நடத்துனராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் அதற்குச் செயலாளர். மகளையும் மருமகனையும் ஒன்றாகப் பறிகொடுத்தவர். சங்கத்துக்காரர்கள் சூளைக்காரரைக் கூட்டங்களுக்குக் கூட்டிப்போனார்கள். மேடையில் உட்காரவைத்தார்கள். வாழ்நாளில் யாரும் அவரை அப்படி உட்காரவைத்ததில்லை. கேப்டனின் மனைவி முதல் தடவை வந்தபோது அவர் காலில் விழப் போனாள். அவர் பதறிப்போய் எழுந்து நின்றுவிட்டார்.

மழைக்காரி பார்த்ததை யாரும் கேட்கவில்லை. முதல் சில நாட்கள் கேட்டிருந்தாலும் அவளால் சொல்லியிருக்க முடியாது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. பேச்சு வந்தபோது அவர் சொன்னது ஊரெல்லாம் பரவியிருந்தது. புருஷன் சொன்னதற்கு மேல் பெண்டாட்டி என்ன சொல்ல இருக்கிறது என்று அவளும் விட்டுவிட்டாள்.

அறிக்கைக்குப் பிறகு ஒருநாள் கேப்டனின் மனைவி வந்தபோது சூளையை அடுக்கி முடிக்கிற நேரம். காற்று பலமாக இருந்தது. அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எப்போது வந்தாலும் ரொட்டி வாங்கி வருவாள். நாற்காலியில் உட்காரமாட்டாள், மழைக்காரியோடு படியில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே பேசுவாள். அன்று உட்காரவே இல்லை. மறுவிசாரணைக்கு உத்தரவு வந்துவிட்டது, நீதிபதி ஒருவர் தலைமையில் அடுத்த மாதம் தொடங்குகிறது என்று மூச்சு வாங்கச் சொன்னாள். சூளைக்காரர் கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தார்.

"ஒரு சிக்கல் இருக்குண்ணா," என்றாள் அவள். "கம்பெனிக்காரங்க நிபுணருங்களை வரவழைக்கிறாங்களாம். இறக்கைத் துண்டுல கரி படிஞ்சிருக்கிற விதத்தை வச்சே, மேல எரியலன்னு காட்டப் போறாங்களாம். செயலாளர் சொன்னார்."

"காட்டட்டுமே," என்றார் சூளைக்காரர். "கரி பேசுமா, கண்ணு பேசுமா?"

"அதைத்தான் நானும் சொன்னேன். அண்ணன் இருக்கார்னு." அவள் மழைக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஸ்கூல்ல என் முகத்துக்கு நேரா யாரும் ஒண்ணும் சொல்றதில்லக்கா. நான் ஸ்டாஃப் ரூமுக்குள்ள போனா பேச்சு நின்னுடுது. என் வீட்டுக்காரரோட அம்மா வாசலுக்கே வர்றதில்ல. மேல எரிஞ்சுதுன்னு ஒரு வரி எழுதிட்டாங்கன்னா போதும். வேற எதுவும் எனக்கு வேணாம்."

மழைக்காரி கையை விடுவித்துக்கொண்டு தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் உள்ளே போனாள். குடத்துக்கு முன்னால் நின்றாள். தண்ணீர் மொள்ளாமலே திரும்பி வந்தாள். அதற்குள் கேப்டனின் மனைவி பேருந்துக்குப் புறப்பட்டிருந்தாள்.

அடுக்கி முடித்த சூளைக்கு வெளியே சேறு பூசி அடைக்க வேண்டும். சந்து விட்டால் சூடு வெளியே போய்விடும். இருவரும் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து பூசிக்கொண்டு வந்தார்கள். மூலையில் சந்தித்தபோது அவள் கேட்டாள்.

"என்னங்க, அங்க போய் என்ன சொல்லப் போறீங்க?"

"என்ன சொல்றது, பார்த்ததைத்தான்."

"நீங்க பார்க்கலையே."

அவர் பூசுவதை நிறுத்தவில்லை. கை மட்டும் ஒரே இடத்தில் தேய்த்துக்கொண்டிருந்தது.

"நீங்க கொட்டகைக்குள்ள இருந்தீங்க," என்றாள். "சத்தம் கேட்டுத்தான் வெளிய ஓடி வந்தீங்க. நான் களத்துல நின்னதை நீங்க பார்த்தீங்க. அப்ப அது விழுந்து முடிஞ்சாச்சு."

"நீ என்னமோ பக்கத்துல இருந்து என்னைப் பார்த்துக்கிட்டிருந்த மாதிரி பேசுற."

"நான் உங்களைப் பார்க்கல. அதைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். நெருப்பு இல்லைங்க. கீழ வந்து இடிச்ச பிறகுதான் நெருப்பு."

அவருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. இத்தனை நாள் வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தாய் என்று கேட்டார். இத்தனை பேர் நம்பிக்கொண்டிருக்கும்போது, அந்தப் பெண் கையைப் பிடித்துக்கொண்டு அழும்போது இப்போது வந்து இப்படிச் சொன்னால், அவர்கள் வயிற்றெரிச்சல் நம்மைச் சும்மா விடுமா என்று கேட்டார். நெருப்பு இல்லை என்றால் அது கம்பெனி சொல்கிற கதை, நீ கம்பெனிக்காரியா என்றும் கேட்டார். அதுதான் அவளைச் சுட்டது.

"கம்பெனி சொல்றதும் நான் பார்த்தது இல்ல," என்றாள். "அவங்க என்ஜின் ஓடுச்சுங்கறாங்க. ஓடல. சத்தமே இல்லாம வந்துச்சு. காத்து கிழியற சத்தம் மட்டும்தான். மேகத்துக்கு வெளிய வந்து, மூக்கைத் தூக்கிக்கிட்டு, நம்ம வரிசை வீடுங்களைப் பார்த்து வந்துச்சு. வந்ததை யாரோ ஏரிப் பக்கமாத் திருப்பினாங்க. அந்தப் பக்கத்து இறக்கை கீழ சாஞ்சுது. அதை நான் பார்த்தேன்."

அவர் சேற்றுக் கையோடு அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கையைக் கழுவாமலே ரோட்டுப் பக்கம் போய்விட்டார்.

சூளைக்கு நெருப்பு வைத்தார்கள். தீ மூட்டிவிட்டால் இரவு பகல் மாறிமாறிப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருவர் விறகு தள்ளும்போது மற்றவர் படுப்பார். அதனால் இருவரும் ஒரே நேரத்தில் விழித்திருக்கிற நேரம் குறைவு. அதுவே இந்தத் தடவை வசதியாகப் போயிற்று. சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு அவள் போவாள், அவர் வந்து சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கவிழ்த்து வைப்பார். முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. விறகு தீரப்போகிறது என்றுகூட லாரிக்காரனிடம்தான் சொன்னார், அவள் காதில் விழுகிற மாதிரி.

டவுனில் மருந்துக்கடையில் வேலை பார்க்கிற மகள் விடுமுறை நாளில் வந்தாள். வந்ததும் வீட்டின் காற்றே மாறியிருப்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அப்பா எதுவும் சொல்லவில்லை. அம்மா சொன்னாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். மகள் தன் பையை ஆணியில் மாட்டினாள். பிறகு, அப்பாவை ஊர் சிரிக்கவைக்கப் போகிறாயா என்று கேட்டாள். கடைக்கு வருகிறவர்கள் நீ அந்தச் சாட்சிக்காரர் மகள்தானே என்று கேட்டு நின்று பேசிவிட்டுப் போகிறார்கள், நாளைக்கு அதே வாய் என்ன பேசும் என்று கேட்டாள்.

"அந்த டீச்சரம்மாவை நினைச்சுப் பாரு," என்றாள் மழைக்காரி.

"அவங்களை நினைச்சுத்தான் சொல்றேம்மா. அவங்க கேக்கறது நெருப்பு. நீ அதைத் தண்ணி ஊத்தி அணைக்கப் போற."

 மகள் சொன்னது முழுக்கத் தப்பும் இல்லை. அன்றைக்கு வெங்காயம் தேவைக்கு மேல் நறுக்கிப்போய்விட்டது.

அடுத்த வாரம் செயலாளர் வந்தார். விசாரணையில் எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க வந்திருந்தார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், நீட்டி முழக்காதீர்கள் என்றார். சூளைக்காரர் ஒருமுறை சொல்லிக்காட்டினார். உள்ளே அடுப்படியில் இருந்த மழைக்காரி காது கொடுத்துக் கேட்டாள். முன்பெல்லாம் நெருப்பு என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவர் இப்போது வலது இறக்கையின் அடியில் முதலில் நீலமாக, அப்புறம் சிவப்பாக என்றார். புகை வால் மாதிரி நீண்டது என்றார். சொல்லும்போது அவர் குரல் கரகரத்தது. நடிப்பு இல்லை. அவர் அதைப் பார்த்துக்கொண்டே சொல்வது போல இருந்தது. அவளுக்கு முதல் தடவையாகப் பயமாக இருந்தது.

செயலாளர் போகும்போது அவளிடமும் விடைபெற்றார். "உங்க வீட்டுக்காரர் மட்டும் இல்லன்னா நாங்க எல்லாம் அநாதைம்மா," என்றார். நல்ல மனிதர். மகள் கல்யாணப் படத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பவர். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அன்று மாலையில் அவள் கணவரிடம் ஒன்றே ஒன்று சொன்னாள். நீங்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், நான் தடுக்கமாட்டேன். ஆனால் என்னைக் கேட்டால் நான் பார்த்ததைச் சொல்வேன். கேட்காவிட்டாலும் கையைத் தூக்குவேன். அவர் சூளையின் வாயில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார். காதில் விழுந்ததா இல்லையா என்று தெரியவில்லை.

விசாரணை நகரத்தில் ஒரு பழைய மண்டபத்தில் நடந்தது. சங்கத்துக்காரர்கள் வேன் வைத்து எல்லோரையும் அழைத்துப்போனார்கள். வழியெல்லாம் மழை. வேனின் ஜன்னல் சரியாக மூடாமல் மழைக்காரியின் ஒரு தோள் நனைந்துகொண்டே வந்தது. கேப்டனின் மனைவி அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தன் துண்டைக் கொடுத்தாள். ஏன் ஒரு மாதிரியா இருக்கீங்க, உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். வேன் ஒத்துக்கொள்ளவில்லை என்று மழைக்காரி சொன்னாள்.

மண்டபம் நிறைந்து வழிந்தது. முதலில் நிபுணர் வந்தார். இறக்கைத் துண்டுகளின் படங்களைத் திரையில் காட்டினார். பறக்கும்போது எரிந்திருந்தால் கரி ஒரே திசையில் பின்னால் இழுபட்டிருக்கும், இதில் அப்படி இல்லை, கீழே நின்று எரிந்ததுபோல எல்லாப் பக்கமும் படிந்திருக்கிறது என்றார். பின்வரிசையில் யாரோ, எவ்வளவு வாங்கினாய் என்று கேட்டார்கள். நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். அமைதியாயிற்று.

பிறகு சூளைக்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் நடந்துபோகையில் இரண்டு பக்கமும் இருந்தவர்கள் அவர் கையைத் தொட்டார்கள். கம்பெனி வக்கீல் இளம் வயதுக்காரர், குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். சூளை எப்படிப் போகிறது, மழைக்காலம் சிரமமா என்றெல்லாம் விசாரித்தார். சூளைக்காரர் அதற்கே மரியாதையாகப் பதில் சொன்னார். சம்பவத்தின்போது எங்கே இருந்தீர்கள் என்று அடுத்துக் கேட்டார்.

"மோட்டார் கொட்டகைக்கிட்ட."

"கிட்டயா, உள்ளயா?"

சூளைக்காரர் சட்டைப் பொத்தானைத் திருகினார். அந்தக் கொட்டகையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறோம், அதற்கு ஜன்னல் இல்லை, வாசல் ரோட்டைப் பார்த்து இருக்கிறது என்று வக்கீல் நிதானமாகச் சொன்னார். வெளியே நின்றிருந்தால் அதைச் சொல்லலாம், எழுதிக்கொள்கிறோம் என்றார். அவருக்கு ஒரு வழி திறந்துதான் இருந்தது. வெளியே நின்றேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் யாராலும் அதைப் பொய்யென்று காட்ட முடியாது. செயலாளர் தன் இடத்திலிருந்தே தலையை அசைத்துக்கொண்டிருந்தார், சொல்லுங்கள் சொல்லுங்கள் என்பதுபோல.

சூளைக்காரர் கூட்டத்தில் தேடி மனைவியைப் பார்த்தார். சேறு பூசிய அன்றைக்குப் பிறகு அவளை அவர் நேராகப் பார்த்தது அப்போதுதான். அவள் முகத்தில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. நனைந்த தோளைத் துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உள்ளதான் இருந்தேன்," என்றார். "நான் பார்க்கல ஐயா. பார்த்தது என் வீட்டுக்காரி. அவளைக் கேளுங்க."

 மண்டபத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். துரோகி என்றார்கள், எத்தனைக்கு விலைபோனாய் என்றார்கள். செயலாளர் மட்டும் எழவில்லை, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். கேப்டனின் மனைவி எழுந்து, யாரையும் பார்க்காமல், நாற்காலிகளுக்கு நடுவே வழி கேட்டுக் கேட்டு வெளியே போய்விட்டாள்.

சத்தம் அடங்கிய பிறகு வக்கீல் திருப்தியோடு உட்கார்ந்தார். நீதிபதி விடவில்லை. வயதான மனிதர், கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"கண்ணால பார்க்கல, சரி. உள்ள இருந்தப்ப காதுல என்ன கேட்டுச்சு?"

இந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதே இல்லை. சூளைக்காரர் யோசித்தார். "ஒண்ணும் கேக்கல ஐயா. இடிச்ச சத்தம் மட்டும்தான்."

"மோட்டார் சத்தத்துல கேக்காம போயிருக்கலாம் இல்லையா," என்று வக்கீல் எழுந்தார்.

"மோட்டாரைப் பிரிச்சுப் போட்டிருந்தேன் சார். வேற விமானம் அந்தப் பக்கமாப் போச்சுன்னா என்ஜின் சத்தத்துல தகரமே கிடுகிடுன்னு ஆடும், டப்பாவுல இருக்கிற ஆணி எல்லாம் குதிக்கும். அன்னைக்கு ஆடல." சொல்லிவிட்டு அவரே திகைத்துப்போனவர்போல நின்றார்.

மழைக்காரியைக் கூப்பிட்டார்கள். அவள் பேசியதில் நீளமில்லை. மேகம், சத்தமில்லாமல் வந்தது, மூக்குத் தூக்கியிருந்தது, வரிசை வீடுகள், ஏரிப் பக்கம் திரும்பியது, இறக்கை கரையில் பட்டது, அதற்குப் பிறகு நெருப்பு. வக்கீல் இத்தனை காலம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். என்னை யாரும் கேட்கவில்லை, என் வீட்டுக்காரரை மீறிச் சொல்ல எனக்கும் தைரியம் வரவில்லை என்றாள்.

"உங்க கணவர் சொன்னது பொய்னு இப்பதான் தெரிஞ்சுது. அதே வீட்டுல இருந்து வர்ற இன்னொரு கதையை நாங்க ஏம்மா நம்பணும்?"

"நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம் சார்," என்றாள். "இது என்கிட்ட இருந்துச்சு. குடுத்துட்டேன்."

வெளியே வந்தபோது வேன் போய்விட்டிருந்தது. இருவரும் மழையில் நடந்து பேருந்து நிறுத்தத்துக்குப் போனார்கள். அவர் முன்னால், அவள் பின்னால். பேருந்துக்குள் ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள். பாதி வழியில் அவர், எனக்கு இன்னும் கண்ணை மூடினால் நெருப்புத்தான் தெரிகிறது என்றார். அவள் தன் பையிலிருந்த ரொட்டியைப் பிட்டு அவர் கையில் கொடுத்தாள்.

அதன் பிறகு சூளைக்கு நல்ல நாள் இல்லை. டீக்கடையில் அவர் போனால் இடம் விடுவார்கள், பேச்சுக் கொடுக்கமாட்டார்கள். முன்பு அரசாங்கத்தைச் சந்தேகப்பட்ட அதே வாய்கள் இப்போது அவரைச் சந்தேகப்பட்டன. கம்பெனிக்காரன் வீட்டுக்கு வந்து போனதைப் பார்த்தேன் என்று ஒருவன். மகளுக்கு ஏதோ பெரிய இடத்தில் வேலை பேசியிருக்கிறார்கள் என்று இன்னொருவன். மகள் அதே மருந்துக்கடையில்தான் இருந்தாள். வருகிறவர்கள் மாத்திரையை வாங்கிக்கொண்டு பேசாமல் போனார்கள். அவள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒருநாள் முழுக்கச் சண்டை போட்டாள், மறுநாள் அப்பாவுக்குப் புதுச் செருப்பு வாங்கி வந்தாள்.

செங்கல் அறுக்க வந்த ஆட்கள் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். அவரே மண் மிதித்தார். ஒருநாள் செயலாளர் சைக்கிளில் வந்து களத்தின் ஓரத்தில் வெகுநேரம் நின்றார். சூளைக்காரர் அச்சைக் கீழே போட்டுவிட்டு அவருக்கு எதிரில் போய் நின்றார்.  செயலாளர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மழை வரும்போல இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

புது அறிக்கை வந்தபோது கோடை தொடங்கியிருந்தது. கடைசிக் கட்டத்தில் என்ஜின்கள் ஓடினவா என்பதில் சந்தேகம் இருக்கிறது, விபத்தின் காரணத்தை உறுதியாகச் சொல்ல இயலவில்லை என்று எழுதியிருந்தார்கள். கேப்டன் நிதானம் தவறினார் என்ற வாக்கியத்தை எடுத்துவிட்டிருந்தார்கள். மேலே எரிந்தது என்றும் எழுதவில்லை. யாருக்கும் திருப்தியில்லை. கம்பெனி அதை எதிர்த்து வழக்குப் போட்டது. சங்கத்தில் பாதிப் பேர் இதுவும் மூடிமறைப்புத்தான் என்றார்கள்.

அதற்குப் பிறகு ஒரு காலையில் கேப்டனின் மனைவி வந்தாள். விசாரணை மண்டபத்திலிருந்து எழுந்து போனவளை அவர்கள் அப்புறம் பார்க்கவே இல்லை. இளைத்திருந்தாள். சூளைக்காரர் அவளைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு எங்கே போவதென்று தெரியாமல் நின்றார். பிறகு நேராக வந்து, மன்னிச்சுடும்மா என்றார். அவள் தலையை மட்டும் அசைத்தாள். சரி என்பதா, வேண்டாம் என்பதா, அவருக்குப் புரியவில்லை. களத்தில் பச்சைக்கல் திருப்பிவைத்துக்கொண்டிருந்த மழைக்காரியிடம் போனாள்.

"எந்த இடம்க்கா?"

மழைக்காரி கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கல் வரிசைகளுக்கு நடுவே அவளை அழைத்துப்போய் ஓரிடத்தில் நிறுத்தினாள். தோளைப் பிடித்து வரிசை வீடுகளின் பக்கமாகத் திருப்பிவிட்டாள். மேகம் எங்கே கிடந்தது, எதிலிருந்து வெளியே வந்தது என்று காட்டினாள். உள்ளங்கையை விரித்து, விரல் நுனியைக் கொஞ்சம் தூக்கி, மெதுவாக இறக்கிக்கொண்டு வந்தாள்.

"நேரா வந்துச்சா?"

"நேராத்தான் வந்துச்சு. அந்தத் தகரக் கூரை எல்லாம் தெரியுதே, அதைப் பார்த்து. அங்க வந்ததும்..." உள்ளங்கை ஒரு பக்கமாகச் சாய்ந்து ஏரியின் பக்கம் திரும்பியது.

"தானாத் திரும்பியிருக்காதா?"

மழைக்காரி யோசித்தாள். "எனக்கு விமானம் பத்தித் தெரியாதும்மா. தடுமாறிச் சாஞ்ச மாதிரி இல்ல. நிதானமாத் திரும்புச்சு. வண்டியில வர்றப்ப எதிர்ல ஆள் நின்னா ஒதுக்குவோமே, அப்படி."

கேப்டனின் மனைவி இன்னொரு தடவை காட்டச் சொன்னாள். மழைக்காரி காட்டினாள். மூன்றாம் தடவை அவளே தன் கையை நீட்டி அந்த வளைவைப் போட்டுப் பார்த்தாள். அழவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, பச்சைக்கல்லிலிருந்து ஈர மண் வாசனை எழுந்தது.

"அந்த வீடுங்கள்ல அன்னைக்கு ஆளுங்க இருந்தாங்களா?"

"எல்லாரும் இருந்தாங்க. மழை வர்ற மாதிரி இருந்துச்சுல்ல, வேலைக்குப் போனவங்ககூடத் திரும்பிட்டாங்க."

"போய்ப் பார்க்கலாமா?"

இருவரும் களத்தைத் தாண்டி நடந்தார்கள். முதல் வீட்டு வாசலில் ஒரு பெண் துணி அலசிக்கொண்டிருந்தாள். கதவுக்குள் யாரோ ரேடியோ கேட்டபடி இருமினார்கள். கொடியில் சின்னதும் பெரிதுமாகச் சட்டைகள் காய்ந்தன. துணி அலசியவள் மழைக்காரியைப் பார்த்துச் சிரித்து, கூட யார், சொந்தக்காரங்களா என்று கேட்டாள். மழைக்காரி வாயைத் திறப்பதற்குள் கேப்டனின் மனைவி முந்திக்கொண்டாள்.

"இந்தப் பக்கமா வந்தேன். கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

அந்தப் பெண் ஈரக் கையை உதறிவிட்டு உள்ளே போய் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள். வெயிலில் நிற்காதீர்கள், உள்ளே வந்து உட்காருங்கள் என்றாள். கேப்டனின் மனைவி நிலைப்படியில் உட்கார்ந்து, சொம்பை இரண்டு கையாலும் பிடித்து, அண்ணாந்து, ஒரு சொட்டும் சிந்தாமல் முழுவதையும் குடித்தாள்.